மூச்சொடுக்கம்

சென்னை மருத்துவமனைகளில் டிஸ்சார்ஜ் சம்மரி பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கைக்கு வரும். அதில் 'ரெஸ்பிரேட்டரி டிப்ரெஷன்' என்று இருந்தால், பின்சொல்லை மட்டும் பார்த்து "அப்பாவுக்கு மனச்சோர்வா?" என்று வீட்டார் கலங்கக்கூடும். மனதுக்கும் இதற்கும் தொடர்பில்லை. டிப்ரெஷனின் வேர், கீழே அழுத்துதல் என்று பொருள்படும் லத்தீன் வினை. இங்கே அழுத்தப்படுவது மூச்சு.

நாம் நினைக்காமலே மூச்சை ஓட்டுவது மூளைத்தண்டில் உள்ள முகுளம். ரத்தத்தில் கரியமில வாயு கொஞ்சம் ஏறினாலும் கண்டுகொண்டு, ஆழமாக மூச்சு விட வைக்கும். மார்பின், ஃபென்டனில் போன்ற அபின் வகை மருந்துகள் வலியைத் தணிக்கும் அதே ஏற்பிகள் (மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் இடங்கள்) வழியாக இந்த உணர்வையும் மழுக்கிவிடுகின்றன. நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டிய மூச்சு 8, 6 என்று இறங்கும். வாயு ஏறிக்கொண்டே போனாலும் மூளை பதறாது.

அதனால் இதை மூச்சுத்திணறல் என்று சொல்லவே கூடாது. திணறுகிறவர் எழுந்து உட்காருவார், ஜன்னலைத் திறக்கச் சொல்வார். இவரோ அசையாமல் கிடப்பார். "ராத்திரி முழுக்க வலி, இப்பதான் நல்லா தூங்குறார்" என்று கூட இருப்பவர் டீ குடிக்கக் கீழே இறங்கிவிடுவார். (மார்பின் என்ற பெயரே கிரேக்கரின் கனவுத் தெய்வம் மார்ஃபியஸிடமிருந்து வந்ததுதான்.) தட்டினாலும் விழிக்காத தூக்கம், விட்டு விட்டு வரும் குறட்டை, ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி, நீலம் பாரித்த உதடு இவற்றைக் கண்டால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டில் என்றால் 108. தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அபின் வகைக்கு நலாக்சோன் என்ற முறிமருந்து உண்டு. தூக்க மாத்திரைக்கு அது பலிக்காது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'சுவாச மந்தம்' புரியும், ஆனால் வேகம் குறைவதை மட்டுமே சொல்கிறது. மூச்சின் ஆழமும் குறைகிறதே. 'மூச்சடக்கம்' யோகப் பயிற்சியில் நாமே செய்வது. 'மூச்சொடுக்கம்' எனக்குச் சரியாகப் படுகிறது. ஒடுங்குதல், ஒடுக்குதல் இரண்டும் அதில் உண்டு: மூச்சு ஒடுங்குகிறது, மருந்து ஒடுக்குகிறது. ஆனால் எழுத்தில் மட்டும்தான். "மூச்சு ஒடுங்கிடுச்சு" என்று வார்டு வாசலில் சொன்னால் உயிர் போய்விட்டதாகவே காதில் விழும். அங்கே "மருந்தால மூச்சு குறைஞ்சிருக்கு, பார்த்துக்கிட்டிருக்கோம்" என்று சொல்வதுதான் முறை.