ஒண்டோல்: சொல்லும் பொருளும்

கொரிய மரபு வீடான ஹனோக்கில், அடுப்பின் அனலையும் புகையையும் அறைக்கு அடியில் ஓடவிட்டுத் தரையையே சூடாக்கும் அமைப்புக்கு ஒண்டோல் என்று பெயர். இது சீன எழுத்தில் எழுதப்படும் சொல். 'ஒன்' என்பது வெதுவெதுப்பு, 'டோல்' என்பது புகைவழி. கொரிய மொழியில் கல்லுக்கும் 'டோல்' என்றே பெயர் என்பதால் சூட்டுக்கல் என்று பிரித்துவிடத் தோன்றும். எழுத்து அதற்கு இடம் தரவில்லை. கொரியர்களின் சொந்தச் சொல் 'குடுல்'. அதுதான் 'சுட்ட கல்' என்ற தொடரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது.

அடுப்பு வாய் (அகுங்கி) அறைக்கு வெளியே, பெரும்பாலும் சமையற்கட்டில், தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும். சோறு பொங்கும் நெருப்பே அறைக்கும் சூடு தரும். அடுப்புக்கு அப்பால் ஒரு செங்குத்தான ஏற்றமும் குறுகலான தொண்டையும் உண்டு. அனல் அதைத் தாண்டி 'கொரே' எனும் கால்வாய்களில் பரவும். சாம்பல் இந்தப் பக்கமே தங்கிவிடும். கால்வாய்களின் மேல் பலகைக்கற்களைப் பாவி, சந்துகளில் சில்லுக்கல் செருகி, களிமண் சாந்தால் பூசுவார்கள். அடுப்புக்கு அருகே கல்லும் மண்ணும் தடிமனாக இருக்கும். தள்ளிப் போகப் போக மெலியும். இந்தக் கணக்குத் தவறினால் அடுப்புப் பக்கம் தரை கருகும், எதிர்ப்பக்கம் சில்லிட்டே கிடக்கும். சரியாகக் கட்டினாலும் சூடு ஓரளவு வேறுபடும். சூடான பக்கம் 'அரேன்மொக்'. பெரியவர்களையும் விருந்தினரையும் அங்கேதான் உட்கார வைப்பார்கள்.

கால்வாய்கள் முடியும் இடத்தில் அவற்றைவிட ஆழமாக ஒரு பள்ளம் தோண்டுவார்கள். 'கேஜாரி' என்று பெயர். சூடு இழந்த புகை அங்கே தயங்கிக் கரியை இறக்கிவிட்டுப் புகைபோக்கிக்குப் போகும். புகைபோக்கி வழியே காற்று எதிர்த்து வந்தாலும் இந்தப் பள்ளம் தடுத்துவிடும். இது இல்லாவிட்டால் புகை அடுப்பு வாய்க்கே திரும்பும். சியோலின் கியோங்போக்குங் அரண்மனையில் புகைவழியை மண்ணுக்கடியில் பின்தோட்டம் வரை கொண்டுபோய், அமிசான் மேட்டில் செடிகளுக்கிடையே அறுகோணச் செங்கல் புகைபோக்கிகளாக எழுப்பியிருக்கிறார்கள்.

பூசிய தரை நன்றாகக் காயும் வரை இளந்தீ போட வேண்டும். ஈரத்தோடு காகிதம் ஒட்டினால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்தபின் ஹன்ஜி எனும் கொரிய மரபுக் காகிதத்தைப் பல அடுக்காக ஒட்டி, ஊறவைத்து அரைத்த சோயாவையும் பெரில்லா எண்ணெயையும் துணிப்பையில் கட்டித் தேய்ப்பார்கள். தரை மஞ்சளாக மின்னும், நீரும் இறங்காது.

சாந்தில் வெடிப்பு விழுவதுதான் பெரிய ஆபத்து. விறகு எரித்த காலத்தில் கசியும் புகை கண்ணை எரித்து எச்சரித்தது. பிறகு வந்த 'யொன்தான்' எனும் நிலக்கரிக் கட்டி மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடைக் கசியவிட்டு, உறங்கியவர்களை உறக்கத்திலேயே கொன்றது. இன்றைய அடுக்குமாடிகளில் புகைக்குப் பதிலாகத் தரைக்கடியிலுள்ள குழாய்களில் வெந்நீர் ஓடுகிறது. டோக்கியோவில் ஒரு குளிர்காலத்தில் கொரிய அறையொன்றில் உட்கார்ந்து வியந்த கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட், பின்னாளில் தம் அமெரிக்க வீடுகளில் தரைக்கடியில் குழாய் பதித்தார். தென்கொரியா 2018இல் ஒண்டோல் பண்பாட்டைத் தேசிய மரபுரிமையாக அறிவித்தது.

தமிழில் என்ன சொல்லலாம்? நெடுநல்வாடையில் வரும் 'தடவு' அறைக்குள் வைக்கும் நெருப்புச் சட்டி. நெருப்பு வெளியே இருக்கும் ஒண்டோலுக்குப் பொருந்தாது. 'தரைச் சூடேற்றி' தனியாகப் பொருத்தும் கருவியைத்தான் நினைவூட்டும். குளிர்காய மூட்டும் தீக்குக் 'கணப்பு' என்ற சொல் நம்மிடம் உண்டு. உடம்பு கணகணவென்று இருக்கிறது என்கிறோமே, அந்தச் சூடுதான் இங்கே தரையில் இருப்பது. ஆகவே 'கணப்புத்தளம்' என்பதே எங்கள் பரிந்துரை. குழாய் பதித்த இக்கால வகையை 'வெந்நீர்க் கணப்புத்தளம்' எனலாம். கொரிய வரலாறு எழுதும்போது 'ஒண்டோல்' என்றே எழுதி, முதல் இடத்தில் மட்டும் தமிழ்ச்சொல்லைச் சேர்த்தால் போதும்.