மாணவர் பேரவைத் தேர்தல்: லிங்டோ விதிகள் என்ன சொல்கின்றன?

பேரவைத் தேர்தல் நடத்துங்கள் என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் நிர்வாகத் தரப்பிலிருந்து ‘லிங்டோ குழு’ என்ற பெயர் வந்துவிடும். வயது வரம்பு, செலவு வரம்பு, சுவரொட்டிக்குத் தடை என்று கட்டுப்பாடுகளின் பட்டியலாகவே அதை நமக்குச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் அக்குழுவின் முதல் பரிந்துரையே வேறு. பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் மாணவர் அமைப்புகளுக்கு வழக்கமாகத் தேர்தல் நடத்தியே பிரதிநிதிகளை அமர்த்த வேண்டும் என்கிறது அது.

கேரளப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின் பேரில் அமைந்தது இக்குழு. தலைவர், முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ. 2006 மே மாதம் அறிக்கை வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று, பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டமாக இல்லாவிட்டாலும், நீதிமன்ற ஆணையின் பலம் அதற்கு உண்டு. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் தன் சொந்த மரபுப்படி தேர்தல் நடத்தப் போய், 2008இல் தடை வந்து, 2012 வரை தேர்தலே இல்லாமல் இருந்தது.

அமைதியாகத் தேர்தல் நடத்தும் சூழல் இல்லாத வளாகங்களில் நியமன முறைக்கு இடமுண்டு. அதற்கும் இரண்டு நிபந்தனைகள்: மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நியமிக்கக் கூடாது, ஐந்தாண்டுகளுக்குள் தேர்தல் முறைக்கு மாறிவிட வேண்டும். ஆகவே ‘நாங்கள் எப்போதும் நியமனம்தான்’ என்ற பதில் விதிக்குப் பொருந்தாது. நேரடி வாக்கெடுப்பா, வகுப்புப் பிரதிநிதிகள் கூடித் தேர்ந்தெடுப்பதா என்பதை வளாகத்தின் அளவைப் பொறுத்து முடிவு செய்யலாம்.

கல்வியாண்டு தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தேர்தல், வேட்பு மனு முதல் முடிவு வரை பத்து நாட்களுக்கு மிகாமல், இதுதான் கால அட்டவணை.

போட்டியிட முழுநேர மாணவராக இருக்க வேண்டும். இளநிலை என்றால் வயது 17 முதல் 22. தொழிற்கல்வியில் தளர்வு தரலாம். முதுநிலைக்கு அதிகபட்சம் 24, 25. ஆய்வு மாணவருக்கு 28. அந்த ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது, வருகைப்பதிவு குறைந்தது 75 சதவீதம் வேண்டும். நிர்வாகிப் பதவிக்கு ஒருமுறைதான் போட்டியிடலாம். செயற்குழு உறுப்பினர் பதவிக்கு இருமுறை.

செலவு வரம்பு வேட்பாளருக்கு 5,000 ரூபாய். அச்சடித்த சுவரொட்டிக்குத் தடை, கையால் எழுதியதை ஒதுக்கிய இடத்தில் ஒட்டலாம். ஒலிபெருக்கி, வாகனப் பிரசாரம், அரசியல் கட்சிப் பணம் எதற்கும் அனுமதி இல்லை. ஏட்டில் இருப்பது இதுதான். பெரிய பல்கலைக்கழகங்களின் சுவர்கள் வேறு கதை சொல்லும். 2024 செப்டம்பர் 27 அன்று டெல்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தலில் வாக்குப்பதிவு நடந்தது. சுவரொட்டிகளால் பாழான இடங்களைச் சுத்தம் செய்யும்வரை வாக்கு எண்ணக் கூடாது என்று உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்ததால், முடிவு நவம்பர் 25 அன்றுதான் வெளியானது.

சாதாரண மாணவருக்கு அதிகம் பயன்படும் பகுதியைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. முடிவு வெளியான இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்கைத் தர வேண்டும். கணக்கு வந்த இரண்டு நாளில் நிர்வாகம் அதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். வரம்பை மீறியவரின் வெற்றி செல்லாது. ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைதீர் பிரிவு ஒன்று இருக்க வேண்டும். ஆசிரியர்களோடு இறுதியாண்டு மாணவர் ஒருவரும் மாணவி ஒருவரும் அதில் இடம்பெறுவார்கள். முடிவு அறிவித்த மூன்று வாரத்துக்குள் எந்த மாணவரும் புகார் தரலாம், ஆனால் சொந்தப் பெயரில்தான் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அந்தப் பிரிவு புகாரைத் தள்ளுபடி செய்ய வேண்டும், அல்லது விசாரணைக்கு அழைக்க வேண்டும். தீர்ப்பில் நிறைவில்லையென்றால் நிறுவனத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

பேரவையே இல்லாத கல்லூரியில் படிப்பவருக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. கட்டணம், சான்றிதழ், மதிப்பீடு போன்ற குறைகளை, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைப்படி அமைந்த மாணவர் குறைதீர்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்கலாம். அந்தக் குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதிலும் தீரவில்லையென்றால் பல்கலைக்கழகம் நியமித்திருக்கும் குறைதீர் நடுவரிடம், முடிவு கைக்கு வந்த 15 நாட்களுக்குள் போகலாம். மனுவின் நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழுவுக்கான 15 வேலை நாள் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும்.