ஸ்ட்ராட்டஜி கேம்: வியூகமா, சூழ்ச்சியா, உத்தியா?

1980இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'மிசைல் கமாண்ட்' என்ற ஆர்கேட் (காசு போட்டு ஆடும் இயந்திர) விளையாட்டில், எதிரியின் ஏவுகணைகளிலிருந்து நாம் காக்க வேண்டிய நகரங்கள் ஆறு. ஏவுதளம் மூன்று, ஒவ்வொன்றிலும் பத்து ஏவுகணைகள். ஜாய்ஸ்டிக் கிடையாது; உள்ளங்கைக்கு அடியில் உருளும் ஒரு பந்தைத் தள்ளித் தள்ளிக் குறி வைக்க வேண்டும். அதையே 2025இல் 'மிசைல் கமாண்ட் டெல்டா' என்று வேறு மாதிரி செய்து கொண்டுவந்தார்கள். இதில் முறைவைத்து ஆடுகிறோம். நாம் யோசித்து முடிக்கும்வரை எதிரியின் ஏவுகணை வானத்திலேயே நிற்கும். நடுநடுவே நிலத்தடிப் பதுங்குமிடம் ஒன்றைச் சுற்றிப் பார்த்துப் புதிர்களையும் அவிழ்க்க வேண்டும். இந்த வகைக்கு 'ஸ்ட்ராட்டஜி அட்வெஞ்சர்' என்று பெயர்.

ஸ்ட்ராட்டஜி கிரேக்கச் சொல். 'ஸ்ட்ராடோஸ்' என்றால் படை, 'அகெய்ன்' என்றால் நடத்துவது. படையை நடத்துகிறவர் 'ஸ்ட்ராடெகோஸ்', அவர் செய்யும் வேலை ஸ்ட்ராட்டஜி. கூடவே திரியும் 'டாக்டிக்ஸ்' என்ற சொல்லும் கிரேக்கம்தான். ஒழுங்காக அடுக்குவது, அணிவகுப்பது என்ற பொருளில் பிறந்தது.

சரி, தமிழில்? 'தேர்தல் வியூகம்' என்று நாளிதழ்கள் எழுதி எழுதி, ஸ்ட்ராட்டஜி என்றாலே வியூகம் என்று ஆகிவிட்டது. ஆனால் வியூகம் என்பது படையை நிறுத்தும் அமைப்பு. சக்கர வியூகம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வேரைப் பார்த்தால் டாக்டிக்ஸுக்குத்தான் அது பொருந்துகிறது. தந்திரம் என்றால் நரிக்கதை ஞாபகம் வந்துவிடும்.

எனக்கு மனசுக்குப் பிடித்த சொல் சூழ்ச்சி. சூழ்தல் என்றால் ஆராய்தல். 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்கிறது குறள்: ஆராய்ச்சியின் முடிவு ஒரு துணிவுக்கு வருவது. எவ்வளவு கச்சிதம்! ஆனால் இன்று 'சூழ்ச்சி செய்தான்' என்றால் சதி செய்தான் என்றுதான் காதில் விழும். அந்தச் சொல் கைநழுவிப் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

மிஞ்சுவது உத்தி. யுக்தி என்ற வடசொல்லின் வழி வந்தது என்பார்கள். வந்து வெகுகாலம் ஆயிற்று. நூல் எழுதும் முறைகளை 32 உத்திகளாக நன்னூல் சொல்கிறது. நல்ல நோக்கத்துக்கும் பொருந்தும், விளையாட்டுக்கும் பொருந்தும், சொல்லவும் எளிது. ஆகவே ஸ்ட்ராட்டஜி கேம் என்பதை 'உத்தி விளையாட்டு' என்றே சொல்லலாம். அட்வெஞ்சருக்குச் சாகசம் ஏற்கனவே புழங்குகிறது. இரண்டையும் சேர்த்தால் 'உத்திச் சாகச விளையாட்டு'.

இன்னொன்று. பழைய மிசைல் கமாண்ட் வெறும் கைவேகம், புதியதில்தான் உத்தி என்று நினைத்துவிடக் கூடாது. பழையதில் ஏவுகணையைப் பார்த்துச் சுட்டால் தவறிவிடும்; அது வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே வெடிக்க வைக்க வேண்டும். நடுத் தளத்திலிருந்து கிளம்பும் கணை மற்ற இரண்டையும்விட வேகமானது. அதனால் அந்தப் பத்தையும் ஆபத்துக்கென்று மிச்சம் பிடித்து வைக்க வேண்டும். கையில் நாலைந்து கணைதான் இருக்கிறது என்ற நிலை வரும்போது, எந்த நகரத்தை விட்டுவிடுவது என்று அரை நொடியில் தீர்மானிக்க வேண்டியிருக்கும். அந்தத் தீர்மானம்தான் உத்தி. அந்தப் பழைய விளையாட்டை வடிவமைத்த டேவ் தியூரர், பனிப்போர்க் காலத்தில் அதைச் செய்துகொண்டிருந்தபோது அணுகுண்டு விழுவதாகக் கெட்ட கனவுகள் கண்டதாகச் சொல்லியிருக்கிறார். ஆறு நகரமும் போன பிறகு திரையில் 'கேம் ஓவர்' என்று வராது. 'தி எண்ட்' என்று வரும்.