வார்டு அலமாரியிலிருந்து வெளியேறிய ஆம்பூல்

மருத்துவமனை மருந்தாளுநர் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பவர்தானே, சுகாதாரக் கொள்கை வகுப்பதில் அவருக்கு என்ன பங்கு இருக்க முடியும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எந்த மருந்தை வாங்குவது, எதை நிறுத்துவது என்று முடிவெடுக்கும் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர் என்பது வழக்கமான பதில். பொட்டாசியம் குளோரைடு என்ற எளிய உப்பு இதைவிட நல்ல பதிலை வைத்திருக்கிறது.

நம் உடலிலுள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 விழுக்காடு செல்களுக்குள்ளேயே இருக்கிறது. செல்லுக்குள் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் (பொருளின் அளவைச் சொல்லும் அலகு); வெளியே வெறும் 4. இந்த ஏற்றத்தாழ்வுதான் இதயத் தசைச் செல்லின் சவ்வை, ஓய்வு நேரத்தில், சுமார் மைனஸ் 90 மில்லிவோல்ட்டில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் அங்கிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்புகிறது. வெளியே பொட்டாசியம் திடீரென்று பெருகினால் செல்லால் அந்தப் பழைய நிலைக்கு இறங்க முடிவதில்லை. அங்கு இறங்கினால் மட்டுமே மறுபடி திறக்கத் தயாராகும், சோடியத்தைச் செல்லுக்குள் விடும் வாயில்கள் முடங்கியே கிடக்க, அடுத்த துடிப்பு பிறப்பதில்லை.

15 விழுக்காட்டுக் கரைசல் நிரம்பிய 10 மில்லிலிட்டர் ஆம்பூல் (ஊசி மருந்து அடைத்த சிறு குப்பி) ஒன்றில் 1.5 கிராம் உப்பு, அதாவது 20 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் திரவப் பகுதி, சுமார் 3 லிட்டர் என்று கொண்டால், அது முழுவதிலுமே இருப்பது 12 மில்லிமோல்தான். இதை முதன்முறை போட்டுப் பார்த்தபோது, கணக்கில் பிழையோ என்று மறுபடியும் சரிபார்த்தேன். நீர்க்கச் செய்து மெதுவாகச் சொட்டவிட்டால், செல்கள் உள்வாங்கிக்கொள்ள நேரம் கிடைக்கும், அப்போது பொட்டாசியம் குறைந்தவருக்கு அது உயிர்காக்கும் மருந்து. அடர் கரைசலாக நேரே சிரையில் ஏற்றினால் அந்த நேரமே கிடைப்பதில்லை.

அதுவும் நிறமற்ற திரவம், பக்கத்தில் இருக்கும் சோடியம் குளோரைடும் (சாதாரண உப்பு நீர்) நிறமற்ற திரவம். கைமாறி எடுத்துவிட்ட செவிலியரைத் தண்டித்துவிட்டுக் கோப்பை மூடுவது எளிது. ஆனால் வெவ்வேறு வார்டுகளின் மருந்துப் பிழைகளைச் சேர்த்துப் பார்க்கும் மருந்தாளுநருக்கு, தனித்தனி விபத்துகளாகத் தெரிந்தவை ஒரே பிழையின் மறுபதிப்புகளாகத் தெரியும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம் 1998இல் வெளியிட்ட முதல் எச்சரிக்கை அறிவிப்பே இந்த மருந்தைப் பற்றியது. அதில் ஆராயப்பட்ட 10 மரணங்களில் 8, அடர் கரைசல் நேரடியாக ஏற்றப்பட்டதால் நேர்ந்தவை. அடர் ஆம்பூலை வார்டிலிருந்தே அகற்றி, நீர்த்த கரைசலை ஆயத்தமாக வழங்குவதே இதற்கான தீர்வாக நிலைபெற்றது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவித்த ஒன்பது நோயாளிப் பாதுகாப்புத் தீர்வுகளிலும் இவ்வகை அடர் கரைசல்களைக் கட்டுப்படுத்துவது இடம்பெற்றது.

புதிய மூலக்கூறுக்கு வாரி வழங்கும் ஆய்வு நிதி, இருக்கும் மருந்து எந்த அலமாரியில் இருக்க வேண்டும் என்ற கேள்வி வரும்போது கையைச் சுருக்கிக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அடர் கரைசல் உடனடியாகத் தேவைப்படும் சில தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு விலக்கு அளிக்க வேண்டியிருக்கிறது. அங்கே எத்தனை ஆம்பூல்கள் இருக்கலாம், எந்தப் பூட்டுக்குள், எந்த எச்சரிக்கைப் பட்டையோடு இருக்க வேண்டும் என்ற நடைமுறையை எழுதும் மேசைக்கும் மருந்தாளுநரைத்தான் அழைக்கிறார்கள்.