சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள்

கேரளத்தின் இடுக்கி மலையில் குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை செய்யும் நம் தமிழ் ஆட்கள், தற்கொலை எண்ணத்தை எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. தூக்கம் வரவில்லை, தலை பாரமாக இருக்கிறது என்பார்கள். கொஞ்சம் பேசிய பிறகுதான், "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம் சார்" என்று வரும். அதைக் காதில் வாங்காமல் விட்டுவிடக் கூடாது.

ஏலக்காய் எடுக்கப் போகும் ஒரு பெண்ணை மாமியார் கூட்டி வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). குழுக்கடன் தவணை நின்றுபோய், வசூலுக்கு வருகிறவர்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலிலேயே உட்கார்ந்துகொள்கிறார்களாம். "சாகணும்னு தோணுதாம்மா?" என்றேன். மாமியார் பதறினார்: "என்ன சார், நீங்களே எடுத்துக் கொடுக்கிறீங்க!" அந்தப் பெண்ணோ, "தோணுது சார். பிள்ளைகளை நினைச்சா மனசு வரல" என்று அழுதார்.

சாகவும் வேண்டும், இருக்கவும் வேண்டும். பெரும்பாலானவர்களிடம் இந்த இழுபறி கடைசி வரை உண்டு. கேட்பதால் புதிதாக எண்ணம் முளைக்காது. ஒளித்து வைத்திருந்ததைச் சொல்ல முடிந்ததே என்ற ஆசுவாசம்தான் வரும்.

வேதனை முற்றும்போது மனம் குறுகிவிடுகிறது. தவணைக்கு அவகாசம் கேட்கலாம், அண்ணனிடம் சொல்லலாம் என்பதெல்லாம் நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. 'நான் போயிட்டா அவங்களுக்காவது நிம்மதி' என்பது கணக்குப் போட்டுப் பார்த்த உண்மையாகவே படும். அப்போது போய் "பிள்ளைகளை நினைச்சுப் பாரு" என்று புத்தி சொல்லாதீர்கள். பிள்ளைகளைப் பற்றி அவரே சொன்னால் அது பிடிமானம். நாம் சொன்னால் குத்திக்காட்டுவதுபோல் ஆகிவிடும்.

இன்னொன்று, இந்த உச்சம் நிலைத்து நிற்பதில்லை. பலருக்கு நிமிடங்களில், சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு, 1990களின் நடுவில் இருந்த தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. வறுமையும் குடும்பச் சண்டையும் அங்கே ஒழிந்துவிடவில்லை. கேரளமும் 2011இல் பல பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. ஆனால் அடித்து மிஞ்சிய மருந்து இன்னும் லயத்துக்குள்தான் கிடக்கிறது. அந்த மாமியாரிடம் அன்று நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: மருந்து முழுவதையும் கங்காணியிடம் கொடுத்துப் பூட்டச் சொல்லுங்கள், சில நாள் மருமகளைத் தனியே விடாதீர்கள். கடன் பேச்சை அப்புறம் எடுத்தோம்.

ஒருமுறை முயன்று பிழைத்தவர்கள் விஷயத்தில் போலீஸ் கேஸ் பயம் பெரிது. ஆஸ்பத்திரியில் "தெரியாம குடிச்சுட்டா" என்று சொல்லி, மனநல டாக்டரைப் பார்க்காமலே கூட்டிப் போய்விடுகிறார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் விசாரித்துக்கொண்டே இருங்கள். சென்னை, கொழும்பு உட்பட 5 ஊர்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில், முயன்று பிழைத்தவர்களிடம் விவரமாகப் பேசி, 18 மாதம் அவ்வப்போது போனிலோ நேரிலோ விசாரித்து வந்தார்கள். அந்தக் குழுவில் தற்கொலைச் சாவுகள் குறைந்தன.

ராத்திரியில் யாரும் கிடைக்காவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். மலையாளம் தெரியாதே என்று தயங்க வேண்டாம், தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். கூட இருப்பவர்களும் அழைத்து யோசனை கேட்கலாம். பூச்சிமருந்தே உள்ளே போய்விட்டதென்றால் போனில் நேரத்தைக் கழிக்காமல், கிடைத்த ஜீப்பில் ஏற்றி நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், என்ன மருந்து என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.