வீட்டின் வாசனை ஏன் திரும்பி வரும்போது மட்டும் தெரிகிறது?

சில மாதங்கள் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறீர்கள். பூட்டைத் திறந்து, சூட்கேஸை உள்ளே இழுக்கும்போதே மூக்கில் ஒரு வாசனை ஏறுகிறது. பழைய மரம், துணி, சோப்பு, சுவர், கொஞ்சம் தூசி எல்லாம் கலந்த ஒன்று. நம் வீட்டு வாசனை! வருஷக்கணக்காக அங்கேயே இருந்தபோது ஒருநாளும் அது தெரிந்ததில்லை. மறுநாள் காலையில் மூக்கை எவ்வளவு உறிஞ்சினாலும் அதைக் காணோம்.

நாசியின் மேற்பகுதியில் வாசனையைப் பிடிக்கும் நரம்பு செல்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 400 வகை ஏற்பிகள் உண்டு. இவற்றுக்கான மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவரும் 1991-ல் கண்டறிந்தார்கள். 2004-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. வாசனை மூலக்கூறு ஏற்பியில் ஒட்டியதும் செல்லின் வாயில்கள் திறந்து கால்சியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, மூளைக்குச் செய்தி போகிறது. வேடிக்கை என்னவென்றால், உள்ளே வந்த அதே கால்சியம் அந்த வாயில்களை மந்தமாக்கிவிடுகிறது. விருந்தாளியை வரவேற்ற கையே கதவையும் சாத்துவது போல. அதனால்தான் சில நிமிடங்களில் வாசனை மங்குகிறது.

ஆனால் இந்தக் கணக்கு மட்டும் என்றால், கடைக்குப் போய்வந்தாலே வீடு மணக்க வேண்டுமே? வாசனையையும் சுவையையும் ஆராயும் அமெரிக்காவின் மோனெல் மையத்தில் பமீலா டால்டனும் சார்லஸ் வைசாக்கியும் 1990-களில் செய்த ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. ஆட்களின் வீடுகளில் ஒரு வாசனைப் பொருளை இரண்டு வாரம் வைத்தார்கள். அந்த வாசனைக்கு மட்டும் அவர்கள் மூக்கு மந்தமானது. பொருளை எடுத்த பிறகும் மந்தம் உடனே போகவில்லை, இரண்டு வாரம்வரை நீடித்தது. ஆக, வீட்டு வாசனை நன்றாகத் தெரிய வேண்டுமென்றால் நீண்ட நாள் வெளியே இருந்தாக வேண்டும். (சரி, ஒன்றையும் ஒப்புக்கொள்வோம்: ஜன்னல் சாத்திக் கிடந்த வீட்டில் வாசனை வழக்கத்தைவிட அடர்ந்துதான் இருக்கும். நாம் உருகிப்போவதில் பாதி புழுக்கம்.)

உருகுவதற்கும் காரணம் உண்டு. பார்வையும் ஒலியும் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகத்தான் பெருமூளைக்குப் போகும். வாசனைக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. உணர்ச்சியோடும் நினைவோடும் தொடர்புள்ள பகுதிகளுக்கு அது நேராகவே போய்விடும். என்ன வாசனை என்று பெயர் சொல்வதற்குள் நெஞ்சு இளகிவிடுகிறது.

அப்புறம் கை. இருட்டில் சுவரைத் தொட்டதும் ஸ்விட்ச் விரலுக்கடியில் இருக்கிறது, தேடவே இல்லை. எலி குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்கள் அதன் ஹிப்போகேம்பஸில் (நினைவோடு தொடர்புள்ள மூளைப் பகுதி) இருப்பதை நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஓ'கீஃப் 1971-ல் காட்டினார். நம் மூளையிலும் இப்படித்தான் இடங்களின் வரைபடம் உருவாகிறது. அந்நிய அறையில் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்குக்கூட யோசிக்க வேண்டியிருந்தது. இங்கே அந்தச் சில்லறை வேலைகள் யோசனைக்கே வருவதில்லை.

தூக்கத்தில் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. புது இடத்தில் முதல் இரவு சரியாகத் தூக்கம் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் அதற்குள் எட்டிப்பார்த்தார்கள். முதல் இரவில் மூளையின் இடதுபாதி வலதுபாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்கவில்லை. வலது காதில் மெல்லிய வித்தியாசமான ஒலி எழுப்பினால் ஆள் சட்டென்று விழித்தார். இடது காதில் கேட்டால் அவ்வளவு இல்லை. (வலது காதில் விழும் ஒலி பெரும்பாலும் மூளையின் இடதுபாதிக்குத்தான் போகும்.) ஒரு வாரம் கழித்து அதே அறையில் படுத்தபோது இந்த ஏற்றத்தாழ்வு மறைந்துவிட்டது. கூட்டத்தின் ஓரத்தில் உறங்கும் வாத்து வெளிப்பக்கக் கண்ணைத் திறந்தே வைத்திருக்குமே, கிட்டத்தட்ட அதே காவல்தான். ஒரே அறையில் மாதக்கணக்கில் தங்கியவருக்கு அந்த அறையும் பழகியிருக்கும். இரண்டு நாளுக்கொரு கட்டில் மாறியவருக்கோ காவல்காரன் முறை மாறாமல் நின்றிருப்பான். வீட்டுத் தலையணையில் தலை சாய்த்ததும் ‘அப்பாடா’ என்று வருவதில் அவனுக்கும் பங்கு இருக்கும் என்பது என் ஊகம்.

ஆனால் உடலின் கடிகாரத்துக்கு வீடு, விடுதி எல்லாம் ஒன்றுதான். கண்ணுக்குப் பின்னால், மூளையின் அடிப்பகுதியில், சுமார் 20,000 நரம்பு செல்களின் கொத்து அது. நேர வித்தியாசத்தில் ஒரு மணி நேரத்தைச் சரிசெய்ய ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். பெரும்பாலோருக்கு அதன் சுற்று 24 மணி நேரத்துக்குச் சற்றே அதிகம் என்பதால் ஒரு நாளின் நீளத்தைக் கூட்டுவது (மேற்கே பறப்பது) எளிது, குறைப்பது (கிழக்கே பறப்பது) கடினம். கிழக்கே பறந்து வந்தவரின் கடிகாரம் பின்தங்கியிருப்பதால் அவர் இரவு 3 மணிவரை புரண்டுகொண்டிருப்பார். மேற்கே பறந்து வந்தவரின் கடிகாரம் முந்தியிருப்பதால் அவர் அதே 3 மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

இருவரும் அந்நேரத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போவார்கள், விளக்கைப் போடாமலே. மேஜைக் காலில் இடித்துக்கொள்ளாமல் வளைந்து போய், கையை நீட்டி, நேராக டம்ளரையே எடுப்பார்கள்.