காயலான் கடை ரோபோவை விற்கப் போகிறீர்களா?

நான் வக்கீல். சினிமா ரோபோவைப் பழைய இரும்பில் செய்து விற்கப் போய், நோட்டீஸோடு என்னிடம் வந்தவர்களில் இந்த வருடத்தில் இவர் மூன்றாவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணம் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி. கையில் போன், போனில் ஒரு மின்னஞ்சல், கண்ணில் இரண்டு நாள் தூக்கம் பாக்கி. ஒரு வெளிநாட்டுப் படத்தில் வரும் ரோபோவைப் பழைய இரும்பிலேயே பன்னிரண்டு அடி உயரத்துக்குச் செய்திருக்கிறார். பதினான்கு மாத வேலை, எல்லாம் ராத்திரியில். போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினார். கழுத்துக்கு பைக் செயின், முட்டிக்கு ஸ்பிராக்கெட், விரலுக்கு மூன்று மூன்று பேரிங். மார்பு ஒரு டிராக்டர் பானெட். அதன் பழைய நீல பெயிண்டைச் சுரண்டாமல் விட்டிருந்தார். சும்மா சொல்லக் கூடாது, அருமையான கை. ஓசூர் பக்கம் ஒரு ரிசார்ட்காரர் மூன்றரை லட்சத்துக்குப் பேசி, அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். அதற்குள் படக் கம்பெனியின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ்.

"சார், இது நான் எடைக்கு வாங்கின இரும்பு. பில்லு கூட இருக்கு. விக்கக் கூடாதுன்னு சொல்ல அவன் யாரு?"

இந்த 'எடைக்கு வாங்கின இரும்பு' பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பேப்பரும் மையும் கூடக் காசு கொடுத்து வாங்குவதுதான். அதற்காக ஒருவர் எழுதிய நாவலை நீங்கள் அச்சடித்து விற்க முடியுமா? இரும்பு உங்களுடையது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. உழைப்பும் உங்களுடையது. அந்த உருவம் மட்டும் வேறொருவர் வரைந்தது. 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, தட்டையாக வரைந்ததை முப்பரிமாணத்தில் செய்வதையும் நகலெடுப்பது என்றே சொல்கிறது. துருப்பிடித்த செயினில் செய்தாலும் சரி, வெண்கலத்தில் வார்த்தாலும் சரி, சாணியில் பிடித்து வைத்தாலும் சரி. (பலர் இதைக் காப்புரிமை என்கிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கான பேட்டன்ட். இது பதிப்புரிமை. மனுவில் மாற்றி எழுதிக்கொண்டு வராதீர்கள்.)

அடுத்து வருவது 'முப்பது சதவீதம் மாற்றிவிட்டேன்' கட்சி. சட்டத்தில் எங்கேயும் அப்படி ஒரு சதவீதக் கணக்கு கிடையாது. 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல் எளிமையானது: இரண்டையும் பார்த்தவருக்கு இது அதன் நகல்தான் என்று ஐயமின்றிப் படுகிறதா? தம்பி அந்த ரோபோவின் தலையில் இரண்டு கொம்பு கூடுதலாக வைத்து 'இரும்பு வீரன்' என்று பெயரும் வைத்திருந்தார். ஆனால் விற்பனை விளம்பரத்தில் அந்த ரோபோவின் நிஜப் பெயரைப் போட்டு, 'அச்சு அசல் அப்படியே' என்று எழுதியிருந்தார். இதை வைத்துக்கொண்டு 'இது அது இல்லை' என்று நான் எப்படி வாதாடுவது? 'ரசிகர் படைப்பு' என்று கீழே ஒரு தகடு அடித்து வைப்பதும் காப்பாற்றாது.

அமெரிக்காவில் ஒருவர் பேட்மேனின் காரைப் போலவே கார் செய்து விற்றார். காருக்கு என்ன பதிப்புரிமை என்பதுதான் அவருடைய வாதமும். 2015-ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் காரும் ஒரு கதாபாத்திரம்தான் என்று சொல்லிவிட்டது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் நோட்டீஸ் அனுப்பும் வக்கீல்கள் எந்தத் தைரியத்தில் அனுப்புகிறார்கள் என்பது புரியும்.

ஆசைக்குச் செய்து வீட்டு முற்றத்தில் நிறுத்திக்கொண்டால் தனிப்பட்ட உபயோகத்துக்கு 52-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. விலை பேசும்போதுதான் கதை மாறுகிறது. தெரிந்தே மீறினால் 63-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். 2022-ல் உச்ச நீதிமன்றம் இதைப் போலீசார் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று சொல்லியிருக்கிறது. தம்பி முகம் வெளுத்துவிட்டது. பயப்பட வேண்டாம், ஒற்றைச் சிலைக்காக யாரையும் உள்ளே வைத்து நான் பார்த்ததில்லை. விளம்பரத்தை எடு, இனி விற்க மாட்டேன் என்று எழுதிக் கொடு, பெரும்பாலும் அதோடு முடியும். நீங்களே கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால்.

தம்பி கெடுத்துக்கொண்டுதான் வந்திருந்தார். நோட்டீஸ் வந்த ராத்திரியே பதில் போட்டிருக்கிறார்: "சாரி சார், இதுக்கு முன்னாடி ரெண்டுதான் வித்தேன்." அவர்களுக்குத் தெரியாத இரண்டு விற்பனையை, கேட்காமலே, எழுத்தில்! தயவுசெய்து, கெஞ்சிக் கேட்கிறேன், நோட்டீஸ் வந்தால் முதலில் வக்கீலிடம் வாருங்கள். மன்னிப்பை அப்புறம் சேர்ந்து எழுதலாம்.

அப்படியானால் எதைத்தான் செய்வது? நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருது விடும் விழாவுக்குப் பஞ்சமா? சீறி வரும் எருதுக்கு எந்த ஸ்டுடியோவும் உரிமை கொண்டாடாது. தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுப்பதைச் செய்யுங்கள். தெருக்கூத்துத் துரியோதனனைச் செய்யுங்கள். ஆனால் கற்பனை உங்களுடையதாக இருக்கட்டும். இப்போதைய ஓவியர் ஒருவரின் காலண்டர் படத்தைப் பார்த்துச் செய்தால் மறுபடியும் முதல் பத்திக்கே வந்துவிடுவீர்கள். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையைப் படம் பிடிக்கலாம், வரையலாம். அதைப் பார்த்து இன்னொரு சிலை செய்ய அந்தச் சலுகை கிடையாது.

சொந்தக் கற்பனையில் செய்துவிட்டால் அந்தச் சட்டமே உங்கள் பக்கம் வந்துவிடும். சிலையை விற்றாலும் பதிப்புரிமை உங்களிடம்தான் இருக்கும், கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால் ஒழிய. அதனால் பத்திரத்தில் 'சகல உரிமைகளும்' என்று இருந்தால் படிக்காமல் போடாதீர்கள். விற்ற பிறகும் சிலையைச் சிதைத்தால் கேட்கும் உரிமை செய்தவருக்கு உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தைப் பெயர்த்துச் சிதைத்ததற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் மத்திய அரசின் மேலேயே வழக்குப் போட்டார். 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடும், மிச்சமிருந்த சிற்பத் துண்டுகளும் அவருக்குக் கொடுக்கச் சொன்னது.

சிலையை அனுப்பும் விஷயம் சுருக்கமாக. ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடி தாண்டினால் வேறு மாநிலம். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் இ-வே பில், அதாவது சரக்கோடு போகும் ஆன்லைன் சீட்டு, வேண்டும். அதையும் ஜிஎஸ்டியையும் ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கை, தலை தனித்தனியாகக் கழலும்படி போல்ட் வையுங்கள். வண்டிக்கு வெளியே ரோபோ கை நீட்டிக்கொண்டு போனால் மோட்டார் வாகனச் சட்டத்தில் அபராதம் 20,000 ரூபாய்.

தம்பி விளம்பரத்தை எடுத்துவிட்டார், அட்வான்ஸையும் திருப்பிவிட்டார். ரோபோ இப்போது பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. நேற்று போன் செய்தார். "சார், ரிசார்ட்காரர் எருதுன்னாலும் ஓகேங்கறார். கொம்புக்கு ரெண்டு பைக் ஃபோர்க் பைப் கிடைச்சிருக்கு, ஐந்நூறு ரூபாய்தான், ஆரம்பிக்கட்டுமா?"

பில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம், யாரோ ஒரு பையன் ராத்திரியில் கொண்டுவந்து கொடுத்தானாம். திருட்டுப் பொருள் வாங்கினால் அதற்கு இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 317-ஆவது பிரிவு தனியாக இருக்கிறது, தம்பி. முதலில் அந்தப் பைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.